குழாய்க்குள் ஏலரிசி

வியாழக்கிழமை முற்பகல் பதினொன்று இருபத்தெட்டுக்கு முதல் சொட்டு விழுந்தது. நேரம் எனக்குத் துல்லியமாகத் தெரியும். கம்ப்யூட்டர் திரையின் கீழ் மூலையில் அந்த நேரம்தான் இருந்தது. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே திரை கறுத்துவிட்டது.

அப்போது நான் மாடி அறையில், மகளின் மேசைக்கு முன்னால் தரையில் உட்கார்ந்து, மடியில் முறம் வைத்து ஏலக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தேன். பச்சை குறையாத காய் ஒரு பக்கம், வெளுத்தது ஒரு பக்கம், வெடித்தது தனியாக. வழக்கமாகக் கீழே கூடத்தில் செய்கிற வேலை. அவளுடைய புதிய கம்ப்யூட்டர் ஓடத் தொடங்கிய மூன்று நாளாக முறத்தைத் தூக்கிக்கொண்டு மேலே போய்விடுவேன். வீட்டில் வேறு யாரும் இல்லை. அதற்குள் தண்ணீரைச் சுற்றவிடுகிற பம்பின் மெல்லிய சத்தம், கட்டிலில் யாரோ தூங்கிக்கொண்டிருப்பதைப் போல இருக்கும்.

சொட்டு எங்கிருந்து வந்தது என்பதையும் பார்த்தேன். பெட்டியின் கண்ணாடிக் கதவுக்குப் பின்னால், மேலிருந்து இறங்கி, வளைந்து, கிராபிக்ஸ் கார்டுக்குள் நுழைகிற கண்ணாடி போன்ற குழாய். அந்த வளைவின் அடியில் ஒரு முத்து திரண்டது. கொஞ்ச நேரம் தொங்கியது. பிறகு கார்டின் விளிம்பில் விழுந்து, விளிம்போடு ஓடி, கீழே இருந்த பலகையில் இறங்கியது. அது இறங்கிய இடத்தில், ஒரு விரல் நீளச் சில்லு ஒன்று சின்னத் திருகாணியால் இறுக்கப்பட்டிருந்தது. என் மகளின் எட்டு மாத வேலை அந்தச் சில்லுக்குள் இருந்தது. முழுமையாக அது வேறெங்கும் இல்லை.

எழுந்த வேகத்தில் முறம் கவிழ்ந்தது. சுவர் சுவிட்சை அணைத்துவிட்டு, பிளக்கையும் பிடுங்கிக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். பொறுக்கிய காயும் பொறுக்காத காயும் கட்டிலுக்கு அடியில் உருண்டு போயின.

கம்ப்யூட்டருக்குள் தண்ணீர் எதற்கு என்று நானும் கேட்டிருக்கிறேன். என் மகள் இன்னும் கட்டாத வீடுகளைப் படமாகச் செய்து தருகிறவள். அஸ்திவாரம்கூடத் தோண்டாத வீட்டுக்குள் நாம் நடந்து போவோம். சன்னல் வழியாக வெயில் விழும், திரைச்சீலை அசையும். அப்படி ஒரு நிமிடப் படம் செய்ய அவளுடைய பழைய கம்ப்யூட்டர் ஒரு பகல் முழுக்க அனல் கக்கும். சித்திரை மாதத்தில் போடியில் மாடியறை சும்மாவே அடுப்பு. அந்த அடுப்புக்குள் அது இன்னொரு அடுப்பாக இரைந்து, பாதி வேலையில் தானாக அணைந்துவிடும். அவளும் அதோடு சேர்ந்து அணைந்துபோய் உட்கார்ந்திருப்பாள். அதனால்தான் சூட்டைத் தண்ணீரால் எடுத்துக்கொண்டு போகிற புதிய கம்ப்யூட்டரைத் தானே கட்டப் போவதாகச் சொன்னாள். பாகங்கள் ஒவ்வொன்றாகக் கூரியரில் வந்தன.

"தண்ணியையும் கரண்டையும் ஒரே பெட்டிக்குள்ள வைக்கப் போறியா? கிறுக்கா பிடிச்சிருக்கு ஒனக்கு?" என்றேன்.

"அப்பா ஜீப்புல தெனமும் ரேடியேட்டருக்குத் தண்ணி ஊத்துறாரு. அவருக்கும் கிறுக்கா?"

"ஜீப்பு என்ன மாடியறைக்குள்ளயா நிக்குது? கரண்டு அடிச்சா யாரைக் கூப்புடுறது? உங்கப்பா மலையில இருந்து எறங்கி வர்றதுக்குள்ள எல்லாம் முடிஞ்சிரும்."

"நீ ஒருத்தி போதும்மா. கரண்டு அடிக்கிறதுக்கு முன்னாடியே அழுதுருவ."

உண்மைதான். நான் பயந்த சுபாவம். என் கணவர் போடிமெட்டுக்கு மேலே எங்கள் சின்னத் தோட்டத்தில் இருக்கிறார். பறிப்புக் காலத்தில் பத்து நாளுக்கு ஒருமுறைதான் கீழே வருவார். அங்கே ஒரு பாறை மேல் ஏறி நின்றால்தான் போன் எடுக்கும். அவர் பாறை ஏறாத நாளெல்லாம் எனக்கு இங்கே சோறு இறங்காது.

ஆனி மாதத்தில் அவருடைய பிரஷர் மாத்திரை தீர்ந்துவிட்டது. மகளிடம் கொடுத்து, தோட்ட வேலைக்குப் பெண்கள் போகிற ஜீப்பில் அனுப்பினேன். அனுப்பியது நான்தான். அவள் வேலை கிடக்கிறது என்று சொன்னாள், நான் கேட்கவில்லை. வளைவு ஒன்றில் எதிரே வந்த லாரிக்கு ஒதுங்கிய ஜீப், மலைப்பக்க ஓடையில் சக்கரம் இறங்கிச் சாய்ந்தது. மற்றவர்களுக்குச் சிராய்ப்பு. என் மகள் விழும்போது வலது கையை ஊன்றியிருக்கிறாள். மணிக்கட்டு இரண்டு இடத்தில் உடைந்தது.

அன்று பகல் இரண்டரையிலிருந்து ஆறு மணி வரை அவள் போன் கிடைக்கவில்லை. நான் வாசலுக்கும் அடுப்படிக்கும் நடந்துகொண்டே அடித்தேன். அவள் அந்த நேரத்தில் ஒரு எஸ்டேட் டிஸ்பென்சரியில் கட்டுப் போட்டுக்கொண்டு, கூட வந்த பெண்களோடு கட்டன் சாயா குடித்துக்கொண்டிருந்தாளாம். அதைப் பிறகு சிரித்துக்கொண்டே சொன்னாள். எனக்கு மட்டும் அந்த மூன்றரை மணி நேரம் இன்னும் முடியவில்லை. தெருவில் ஒரு ஜீப் கியர் மாற்றினால் இப்போதும் வாசலுக்கு ஓடுகிறேன்.

மதுரையில் அறுவை சிகிச்சை செய்தார்கள். தினமும் கைப்பயிற்சிக்குப் போகவேண்டும் என்று என் தங்கை வீட்டிலேயே தங்கினாள். நானும் பெட்டி கட்டினேன். அவள் தடுத்துவிட்டாள்.

"நீ வராதம்மா. டாக்டரு வெரல மடக்கச் சொல்லுவாரு. நான் மடக்குறப்ப நீ பக்கத்துல நின்னு அழுவ. நான் என் கையப் பாப்பேனா, ஒன்னையப் பாப்பேனா?"

கோபமாகச் சொல்லவில்லை. அதனால்தான் அது தைத்தது. நான் போடியில் தங்கினேன். மாடியில் அவளுடைய பாகங்கள் பெட்டி பெட்டியாக இருந்தன. புரட்டாசி முடிவதற்குள் அவள் ஒரு மலை விடுதிக்கான படத்தை முடித்துக் கொடுக்க வேண்டும். எட்டு மாதமாகச் செய்துகொண்டிருந்த வேலை, இன்னும் கொஞ்சம்தான் பாக்கி. பழைய கம்ப்யூட்டர் அதைத் தாங்காது. புதியதைக் கட்ட இரண்டு கை வேண்டும். அதிலும் அந்தக் குழாய்கள் ரப்பர் குழாய் இல்லை. விறைப்பான அக்ரிலிக் பிளாஸ்டிக். அனல் காற்று ஊதுகிற ஹீட் கன்னால் சூடு காட்டி, உருட்டி உருட்டி, இளகும்போது ஒரே மூச்சில் வளைக்க வேண்டும். உடைந்த மணிக்கட்டோடு அதைச் செய்ய முடியாது.

"நான் கட்டுறேன். நீ வீடியோவுல சொல்லு" என்றேன் ஒருநாள்.

"நீயா?" என்றாள். அந்த ஒரு சொல்லுக்காகவே செய்துவிடுவது என்று முடிவுசெய்தேன்.

பதினைந்து நாள், மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு மணி நேரம். போனை அரிசி டப்பாவில் சாய்த்து வைத்துவிட்டு அவள் சொல்லச் சொல்லச் செய்வேன். நான் வேதியியல் பட்டம் வாங்கியவள். கண்ணாடிக் குழாயைச் சுடரில் வளைத்த கை இது. முப்பது வருடம் கழித்து அது நினைவுக்கு வந்ததில் எனக்கே ஒரு கூச்சம் கலந்த சந்தோஷம். பழைய கம்ப்யூட்டரிலிருந்து சில்லைக் கழற்றி இதில் பொருத்தினேன். பம்ப், தண்ணீர் நிற்கிற சிறு தொட்டி, ரேடியேட்டர் எல்லாம் உட்கார்ந்தன. கடைசியாகக் குழாய்.

"அந்த வெள்ளைக் கயிறு எடும்மா. ஒரு முழம் இருக்கும், ரப்பர் மாதிரி வழவழன்னு. அதைக் குழாய்க்குள்ள விட்டுட்டுத்தான் சூடு காட்டணும். இல்லாட்டி வளையிற எடத்துல குழாய் நசுங்கிரும்."

அந்தக் கயிற்றை நான் பார்த்திருந்தேன். போன மாதம் பெட்டிகளை ஒழுங்குபண்ணும்போது பார்சல் கட்டுகிற கயிறு என்று நினைத்து, மலைக்குக் கிளம்பிய கணவரிடம் கொடுத்துவிட்டேன். எதையாவது கட்ட ஆகும் என்று.

"இருக்காம்மா?"

"இருக்கு."

"உள்ள விட்டுட்டியா?"

"ஆமா" என்றேன். சிக்னல் சரியில்லை என்று சொல்லி போனையும் வைத்துவிட்டேன்.

முதல் சொட்டு வியாழக்கிழமை பதினொன்று இருபத்தெட்டுக்கு விழுந்தது என்று மேலே எழுதினேன். அது தவறு கண்ணுக்குத் தெரிந்த நேரம். இந்த 'ஆமா'வைச் சொன்னது அதற்கு எட்டு நாள் முன்பு, மதியம் இரண்டு மணிவாக்கில். கயிற்றைத் தொலைத்துவிட்டேன் என்று சொல்லியிருக்கலாம். வேறு கயிறு வர ஒரு வாரம் ஆகும், அவ்வளவுதான். ஆனால் அந்தப் பதினைந்து நாளில் அவள் என்னைப் பார்த்த பார்வை மாறியிருந்தது. சபாஷ்மா, கெட்டிக்காரிம்மா என்று சொல்லிக்கொண்டிருந்தாள். அது போய்விடும் என்று பயந்தேன். பயம் வந்தால் வழக்கமாக அழுவேன். இந்த முறை பொய் சொன்னேன்.

மறுநாள் காலையில் குழாய் சாமான்கள் விற்கிற பாய் கடைக்குப் போனேன். ஹீட் கன்னும் அவரிடம் வாங்கி வந்ததுதான், இரவல்.

"பாய், குழாய் நசுங்காம வளைக்கிறதுக்கு உள்ள என்ன போடலாம்?"

"மணல அடைங்கக்கா. ரெண்டு பக்கமும் துணிய வச்சு அடைச்சிட்டு வளைச்சா பொம்மை மாதிரி வளையும். என்ன, தோட்டத்துக்கு லைன் இழுக்குறீங்களா?"

"இல்ல, கம்ப்யூட்டருக்கு."

அவர் கல்லாவிலிருந்து எட்டிப் பார்த்தார். "கம்ப்யூட்டருக்குத் தண்ணி லைனா? அப்ப மோட்டார் எத்தன எச்பி வேணும்னு சொல்லுங்க, அதையும் குடுத்துர்றேன்" என்றார். கடைப்பையன்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வெகுநாள் கழித்து யாருடனோ சேர்ந்து சிரித்தது அன்றுதான்.

வீட்டுக்கு வரும் வழியிலேயே மணல் வேண்டாம் என்று தோன்றிவிட்டது. உள்ளே கீறும். ஒரு துகள் தங்கினாலும் பம்பை அரிக்கும். மணல் போல உருள வேண்டும், ஆனால் கீறக் கூடாது. அடுப்படி அலமாரியில் வெடித்த காய்களிலிருந்து உதிர்த்த ஏலரிசி ஒரு டின் நிறைய இருந்தது. கறுப்பாக, சின்னதாக, ஒன்றை ஒன்று உரசாமல் வழுக்கி ஓடுகிறது. கைநிறைய அள்ளிப் பார்த்தேன். இதைவிடப் பொருத்தமாக உலகத்தில் ஒன்று இருக்க முடியாது என்று தோன்றியது. இந்த ஊரில் எதற்கு என்ன வேண்டுமென்றாலும் முதலில் ஏலக்காய் டின்னைத்தான் திறப்போம்.

ஒரு முனையைப் பஞ்சால் அடைத்தேன். காகிதத்தைக் கூம்பாகச் சுருட்டி ஏலரிசியை ஊற்றி, தட்டித் தட்டி இறுக்கி, மறு முனையையும் அடைத்தேன். ஹீட் கன் முன்னால் உருட்டினேன். வீடு முழுக்கப் பாயசம் காய்ச்சுகிற வாசம். குழாய் இளகியது. வளைத்தேன். நசுங்கவே இல்லை. நான்கு வளைவு, நான்கும் சரியாக வந்தன. உள்பக்கம் மட்டும் அம்மைத் தழும்பு போல லேசான புள்ளிகள் விழுந்து, வளைவு சற்று மங்கலாக இருந்தது. சோப்புத் தண்ணீர் விட்டுக் கழுவினேன். வாசம் போகவில்லை. வாசத்தால் என்ன ஆகப்போகிறது என்று விட்டுவிட்டேன்.

அன்று மாலை வீடியோவில் காட்டினேன்.

"வளைவு ஏம்மா மங்கலாத் தெரியுது?"

"போன் கேமரா அப்படித்தான்."

இரண்டாவது பொய் முதலாவதைவிட எளிதாக வந்தது.

தண்ணீருக்கு, பேட்டரிக்கு ஊற்றுகிற டிஸ்டில்டு வாட்டர். என் கணவர் பாறை மேல் நின்றுகொண்டு, "நம்ம ஊத்துத் தண்ணி ரெண்டு கேன் குடுத்து விடவா? தேனாட்டம் இருக்கும்" என்று கேட்டார். கம்ப்யூட்டர் தண்ணீரை ருசி பார்க்காது என்று சொன்னேன். பம்புக்கு மட்டும் கரண்டு கொடுத்து, ஒவ்வொரு இணைப்புக்கு அடியிலும் டிஷ்யூ காகிதம் பரப்பி, ஒரு நாள் முழுக்க ஓடவிட்டேன். மகள் சொல்லிக்கொடுத்த சோதனை அது. ஒரு காகிதம்கூட நனையவில்லை. மறுநாள் திங்கட்கிழமை, எல்லாவற்றுக்கும் கரண்டு கொடுத்ததும் திரை வெளிச்சமானது. போனில் அவள் கூவினாள். என் தங்கை ஓடிவந்து என்ன ஏதென்று கேட்டாள்.

"சித்தி, எங்கம்மா கம்ப்யூட்டர் கட்டிருச்சு! பயப்படவே இல்ல, பாரேன்!" என்றாள் மகள்.

எனக்கு அந்தச் சொல் போதும் என்று இருந்தது. அது என்னுடையதில்லை என்றும் தெரிந்திருந்தது. சனிக்கிழமை வருவதாகச் சொன்னாள். அதுவரை இயந்திரத்தை ஓடவிடச் சொன்னாள். ஓடவிட்டேன், பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன்.

வியாழக்கிழமைக்கு வருகிறேன். பிளக்கைக் கீழே வைத்துவிட்டுத் தொட்டியின் தண்ணீரை வடித்தேன். குழாய்களைக் கழற்றினேன். கார்டையும் சில்லையும் எடுத்தேன். சில்லின் ஓரத்தில், பொன்னிறப் பற்கள் இருக்கிற இடத்தில் ஈரம் நின்றது. பழைய பருத்தித் துணியால் ஒற்றினேன். கவிழ்ந்த முறத்தைத் துடைத்து, வெள்ளைக் காகிதம் விரித்து, இரண்டையும் அதில் வைத்தேன். மொட்டை மாடியில் நல்ல வெயில். அங்கே கொண்டுபோகவில்லை. ஏலக்காயை நாங்கள் வெயிலில் போடுவதில்லை, பச்சை போய்விடும். பக்குவமான சூடும் நிழலும்தான். அந்தப் பழக்கத்தில் சன்னலுக்கு எட்டாத மூலையில் முறத்தை வைத்து, மின்விசிறியைத் திருப்பிவிட்டு, அதன் முன்னால் உட்கார்ந்தேன். காய் உலர்கிறதா என்று கிள்ளிப் பார்க்கலாம். இதை எப்படிப் பார்ப்பது?

பிறகுதான் அந்தக் குழாயைச் சன்னல் வெளிச்சத்தில் பிடித்தேன். வளைவு முழுக்க மயிரிழை விரிசல்கள். நூறு இருக்கும். வெளியே விரலுக்குத் தட்டுப்படவில்லை. உள்ளிருந்து வெடித்து வந்தவை. மூக்கருகே வைத்தேன். ஏலக்காய். நான்கு நாள் தண்ணீர் ஓடியும் போகாத வாசம்.

போடியில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும், ஏலக்காய் எண்ணெயைப் பிளாஸ்டிக் பாட்டிலில் ஊற்றக் கூடாது. கண்ணாடிதான். பிளாஸ்டிக்கில் ஊற்றினால் நாளாவட்டத்தில் மங்கும், பிசுபிசுக்கும், கீறல் விடும். எங்கள் வீட்டு எண்ணெயும் கண்ணாடிச் சீசாவில்தான் இருக்கிறது. ஏலரிசிக்குச் சூடு காட்டினால் எண்ணெய் கசியும் என்று தெரிந்துகொள்ளப் பட்டம் தேவையில்லை. வளைத்த பிளாஸ்டிக் ஏற்கெனவே இழுபட்டு நிற்கும், அதில் எண்ணெய் இறங்கினால் வெடிக்கும் என்று சொல்ல வேண்டுமானால் பட்டம் உதவும். எனக்கு இரண்டும் தெரியும். தெரிந்த இரண்டையும் அந்த 'ஆமா' மறைத்துவிட்டது.

ஒரு மணிக்குக் கீழே போன் அடித்தது. அது மகளின் நேரம். தினமும் அப்போதுதான் விரலை எவ்வளவு மடக்க முடிகிறது என்று காட்டுவாள். போன் அடுப்படியில் இருந்தது. நான் எழுந்திருக்கவில்லை. என்ன சொல்வது? ஓடுகிறது என்று சொன்னால் மூன்றாவது பொய். நின்றுவிட்டது என்று சொன்னால் ஏன் என்பாள். கொஞ்சம் காய்ந்த பிறகு, சில்லு பிழைக்குமா என்று தெரிந்த பிறகு சொல்லலாம் என்று உட்கார்ந்திருந்தேன். அடித்து நின்றது. மறுபடி அடித்தது. எண்ண வேண்டாம் என்று நினைத்துக்கொண்டே எண்ணினேன். ஒன்பது முறை.

ஒன்றே முக்காலுக்கு ஒருமுறை ஓடிப்போய் எடுத்தேன். அது கணவர் என்று பார்த்துவிட்டுத்தான் எடுத்தேன்.

"சாப்ட்டியா?"

"ம். ஏங்க, போன மாசம் ஒரு வெள்ளைக் கயிறு குடுத்தேனே, என்ன பண்ணுனீங்க?"

"அதா? ஸ்டோர் கதவு இடுக்குல அனல் வெளிய போய்க்கிட்டு இருந்துச்சு. சுத்தி வச்சு அடைச்சிட்டேன். நல்ல சரக்கு பாத்துக்க, அவ்வளவு சூட்டுலயும் உருகல. இந்தத் தடவ காய் பச்சை மாறாம வந்துருக்கு. இன்னும் கெடைக்குமா?"

ஏலக்காய் உலர்த்துகிற அறையை அவர் ஸ்டோர் என்பார். அவர் குரலில் இருந்த சந்தோஷத்தைக் கெடுக்க மனம் வரவில்லை. கேட்டுப் பார்க்கிறேன் என்றேன். எதற்கு இப்போது கேட்டாய் என்று அவர் கேட்பதற்குள் சிக்னல் போனது. நான் மேலே வந்தேன். கொஞ்ச நேரத்தில் போன் சார்ஜ் தீர்ந்து அணைந்திருக்க வேண்டும். எனக்கு அது தெரியாது. சத்தம் நின்றதும், மகள் கோபித்துக்கொண்டுவிட்டாள் என்று நினைத்தேன்.

மூன்று மணி சுமாருக்கு வாசல் கதவைத் தட்டினார்கள். "அக்கா! அக்கோவ்!" பாய் குரல். ஹீட் கன்னைத் திருப்பிக் கேட்க வந்திருக்கிறார், என்ன வளைத்தீர்கள் என்றும் கேட்பார் என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு இருந்தேன். மணலுக்குப் பதில் என்ன போட்டேன் என்று அவரிடம் எப்படிச் சொல்வது? கடையே சிரிக்கும். இன்னும் இரண்டு முறை கூப்பிட்டுவிட்டுப் போய்விட்டார். கடையை விட்டுவிட்டு அந்த மனிதர் பட்டப்பகலில் ஏன் வர வேண்டும், யார் அனுப்பியிருப்பார்கள் என்று எனக்குத் தோன்றவில்லை.

சன்னலுக்கு வெளியே மேற்கு மலையில் மேகம் பாதிவரை இறங்கியிருந்தது. அதற்குள் எங்கேயோ என் கணவர் காய் உலர்த்திக்கொண்டிருந்தார். அந்தப் பக்கம் மதுரையில் மகள். நடுவில் நான், ஒரு முறத்துக்கு முன்னால். அவ்வளவு தனியாக நான் அதுவரை இருந்ததில்லை. வீட்டில் ஆள் இல்லாதது பழகிவிட்டது. நடந்ததை யாரிடமும் சொல்ல முடியாமல் உட்கார்ந்திருந்தது அதுதான் முதல் தடவை.

சில்லு என்ன ஆனது என்று கேட்பீர்கள். இப்போதே சொல்லிவிடுகிறேன். சனிக்கிழமை பழைய கம்ப்யூட்டரில் போட்டோம். பிழைத்திருந்தது. கார்டு பிழைக்கவில்லை. ஆனால் வியாழக்கிழமை மாலை ஐந்தே காலுக்கு, வாசலில் ஆட்டோ வந்து நின்றபோது, இரண்டும் செத்துவிட்டன என்றுதான் நம்பிக்கொண்டிருந்தேன்.

"அம்மா!"

அந்தக் குரலைக் கேட்டு எப்படிப் படியிறங்கினேன் என்று தெரியவில்லை. கதவைத் திறந்தேன். மகள் நின்றாள். இடது தோளில் பை. வலது கையைப் பட்டைக் கட்டோடு நெஞ்சில் அணைத்திருந்தாள். செருப்பு வீட்டுக்குள் போடுகிற செருப்பு. என் முகத்தை அவள் பார்க்கவில்லை. இடது கையால் என் இரண்டு கைகளையும் பிடித்து, திருப்பி, உள்ளங்கையையும் விரல்களையும் ஒவ்வொன்றாகப் பார்த்தாள். பிறகுதான் மூச்சு விட்டாள்.

நான் அங்கேயே, வாசற்படியிலேயே எல்லாவற்றையும் சொன்னேன். "கயிறு இல்ல, ஆத்தா. மலைக்குக் குடுத்து விட்டுட்டேன். ஆமான்னு பொய் சொன்னேன். ஏலரிசிய அடைச்சு வளைச்சேன். வெடிச்சுத் தண்ணி எறங்கிருச்சு. ஒன் வேலை எல்லாம் போச்சு."

அவள் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். எதிர்ப்பக்கம் பாய், கடையை விட்டு மறுபடி வந்தவர், எங்களைப் பார்த்ததும் கையை மட்டும் உயர்த்திவிட்டுத் திரும்பிப் போனார்.

"தண்ணியும் கரண்டும்னு அன்னைக்கே நீதானம்மா சொன்ன" என்றாள். "போன எடுக்கல. அப்பறம் ஸ்விட்ச் ஆஃப். பாய்க்குப் போன் பண்ணி அனுப்புனேன், அவரு வந்து தட்டிட்டு, உள்ள சத்தமே இல்லம்மாங்கிறாரு. நீ கரண்டு அடிச்சு அந்தப் பொட்டிக்கு முன்னாடி கெடக்குறன்னே நெனச்சுட்டேன். அழுவன்னுதான ஒன்னைய அங்க வரவேணாம்னு சொன்னேன்? உசிலம்பட்டியில இருந்து இங்க வரைக்கும் நான்தாம்மா அழுதுக்கிட்டு வந்தேன். கண்டக்டரு எறங்கி எனக்குச் சோடா வாங்கிக் குடுத்தாரு."

முகத்தைத் தோளில் துடைத்துக்கொண்டாள். நல்ல கையை என் பக்கம் நீட்டினாள், தூக்கிவிடச் சொல்லி.

"சரி, போயி அந்தக் குழாயக் கொண்டா. மோந்து பாப்போம்."